ஆங்கிலம் கற்பிக்கக் கடல் கடக்கும் முன்

எமது பகுதிப் பெண்களுக்கு வெளிநாட்டு வேலை என்றால் நீண்ட காலமாக ஒரே அர்த்தம்தான் இருந்தது. அது வீட்டுப் பணிப்பெண் வேலை. யுத்தத்தில் கணவனை இழந்தவர்களும், கணவன் காணாமல் ஆக்கப்பட்டவர்களும், அங்கவீனமுற்ற கணவனைப் பராமரிப்பவர்களும் குவைத்துக்கும் சவூதிக்கும் போய்ச் சேர்ந்தார்கள். 2022ஆம் ஆண்டு ஏற்பட்ட பொருளாதார நெருக்கடி இந்தப் பயணத்தை மேலும் அதிகரிக்கச் செய்தது. அந்த ஒரு வருடத்தில் மாத்திரம் 3 இலட்சத்துக்கும் அதிகமான இலங்கையர் தொழிலுக்காக நாட்டை விட்டு வெளியேறினார்கள்.

அண்மைக் காலமாக மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் என்னிடம் வேறொரு கேள்வி கேட்கப்படுகின்றது.

"மிஸ், வெளிநாட்டிலை இங்கிலிஸ் படிப்பிக்கிற வேலை எடுக்கலாமாம். உண்மையே?"

இந்தக் கேள்வி எனக்கு மகிழ்ச்சியையும் அச்சத்தையும் ஒருங்கே தருகின்றது. பிறர் வீட்டுச் சமையலறையை விட்டு வகுப்பறையைப் பற்றி எமது சகோதரிகள் யோசிக்கத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சி. அதே ஆசையைப் பிடித்துக்கொண்டு தரகர்கள் வீடு வீடாக வரத் தொடங்கியிருப்பது அச்சம்.

உண்மை இதுதான். வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியை வேலை இருக்கின்றது. எமது பெண்கள் சிலர் அதைச் செய்தும் வருகின்றார்கள். ஆனால் அந்த வேலையைப் பெற்றுத் தருவது சான்றிதழும் கற்பித்த அனுபவமும் ஆகும். "அதுகள் ஒண்டும் தேவையில்லை, காசு கட்டினால் போதும்" என்று ஒருவர் சொல்வாராயின், அவர் கையில் வைத்திருப்பது ஆசிரியை வேலை அல்ல.

எமக்குப் புதிய பாதை அல்ல

ஆங்கிலக் கல்வியைக் கொண்டு கடல் கடப்பது எமது சமூகத்துக்குப் புதிய விடயமல்ல. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியையும், 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையையும் ஆரம்பித்தார்கள். அத்தகைய பாடசாலைகளில் ஆங்கிலம் கற்றவர்கள் பின்னாளில் மலாயாவுக்குச் சென்று புகையிரதப் பகுதியிலும் அரச அலுவலகங்களிலும் வேலை பார்த்தார்கள். 'மலாயா பென்சனியர்' என்ற சொல் இன்றும் யாழ்ப்பாணத்து முதியவர்களின் வாயில் இருக்கின்றது. 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் எமது ஆசிரியர்கள் பலர் நைஜீரியா, சாம்பியா போன்ற ஆபிரிக்க நாடுகளுக்குக் கற்பிக்கச் சென்றார்கள்.

இவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். அவர்கள் கையில் படிப்பும் சான்றிதழும் இருந்தன. ஊரில் பிள்ளைகளைப் பார்க்க மனைவி இருந்தாள். இன்று போக நினைக்கும் எமது சகோதரியின் நிலை வேறு. அவளது பாடசாலைக் காலம் இடம்பெயர்விலும் பதுங்கு குழியிலும் கழிந்தது. சான்றிதழ்கள் பல முள்ளிவாய்க்காலோடு போய்விட்டன. பிள்ளைகளைப் பார்க்க வயதான தாயைத் தவிர வேறு ஆள் இல்லை. ஆகவே அவளது பாதையில் கவனிக்க வேண்டியவையும் அதிகம்.

பூட்டிய கதவும் திறந்த கதவும்

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு முன்பள்ளி ஆசிரியை. வயது 34. கணவர் 2009இல் ஷெல் வீச்சில் இறந்தவர். க.பொ.த. சாதாரண தரத்தில் ஆங்கிலத்தில் சி சித்தி. தென் கொரியாவில் சிறுவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் வேலை இருப்பதாகவும், மொத்தச் செலவு நாலரை இலட்சம் ரூபா என்றும் தரகர் ஒருவர் கூறியிருக்கின்றார். முற்பணமாக 25,000 ரூபாவைக் கொடுத்துவிட்டு, மிகுதிக்கு நுண்கடன் எடுக்கவும் சங்கிலியை அடகு வைக்கவும் தயாராகிக்கொண்டிருந்த வேளையில்தான் அவர் எமது அலுவலகத்துக்கு வந்தார்.

அவருக்கு நான் விளக்கிய விடயம் அனைவருக்கும் பயன்படும். தென் கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்க வழங்கப்படும் 'ஈ-2' வீசா பொதுவாக ஏழு நாட்டவர்களுக்கு மாத்திரமே உரியது. அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகியவையே அவை. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. எங்கள் ஆங்கிலம் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் கடவுச்சீட்டு அந்தக் கதவைத் திறக்காது. இலங்கையர் கொரியாவுக்குச் செல்வது இரு அரசாங்கங்களுக்கும் இடையே 2004இல் செய்யப்பட்ட உடன்பாட்டின் கீழ், தொழிற்சாலை போன்ற வேலைகளுக்காகும். அதற்கு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் மூலமே செல்ல முடியும். தனியார் தரகருக்கு அதில் இடமே இல்லை.

அந்தச் சகோதரி மிகுதிப் பணத்தைக் கொடுக்கவில்லை. கொடுத்த 25,000 ரூபா திரும்பி வரவுமில்லை. தரகரின் தொலைபேசி இலக்கம் இப்போது வேலை செய்வதில்லை. "என்ரை இங்கிலிஸ் காணாது எண்டுதான் தராமல் விட்டிட்டினமோ?" என்று அவர் என்னிடம் கேட்டார். ஏமாற்றப்பட்ட பெண் தன்னிடமே குறை தேடுவதை எமது வேலையில் அடிக்கடி காண்கின்றோம். குறை அவரில் இல்லை. இல்லாத வேலையை விற்றவரில்தான் இருக்கின்றது.

அப்படியானால் எமக்குத் திறந்திருக்கும் கதவு எது? மத்திய கிழக்கு நாடுகளின் தனியார் பாடசாலைகள் ஒன்று. மஸ்கட், டோஹா போன்ற நகரங்களில் இலங்கைப் பாடசாலைகளே இயங்குகின்றன. அங்கே பொதுவாகப் பட்டமும் ஆசிரியத் தகைமையும் கேட்பார்கள். எமக்கு மிக அருகில் இருப்பது மாலைதீவு. இலங்கையர் அங்கே கற்பிப்பது நீண்ட கால வழக்கம் என்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

மாலைதீவு

கொழும்பிலிருந்து விமானத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலப் பயணம். 1960களிலிருந்து அங்கே பாடசாலைக் கல்வி ஆங்கில மொழி மூலம் வளர்ந்தது. அந்தக் காலத்திலேயே இலங்கையிலிருந்து ஆசிரியர்களை அழைத்தார்கள். இன்றும் இலங்கையரும் இந்தியரும் அங்கே கற்பிக்கின்றனர். அரச பாடசாலைகளுக்கு அந்நாட்டுக் கல்வி அமைச்சு ஆசிரியர்களைச் சேர்க்கின்றது. பணியிடத்துக்கேற்பத் தகைமை வேறுபட்டாலும், ஆரம்ப வகுப்புகளுக்கு ஆசிரியப் பயிற்சி டிப்ளோமாவும் மேல் வகுப்புகளுக்குப் பட்டமும் எதிர்பார்க்கப்படுவது வழக்கம். வெறும் சாதாரண தரச் சித்தியுடன் வகுப்பறைக்குள் விடமாட்டார்கள்.

எமது மாதர் சங்க உறுப்பினராக இருந்த ஒரு சகோதரி இப்போது அங்கே ஒரு சிறு தீவில் கற்பிக்கின்றார். கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர். இரண்டு பிள்ளைகளைத் தாயுடன் விட்டுவிட்டு, யாழ்ப்பாணத்தில் உயர் தேசிய ஆங்கில டிப்ளோமாவைக் கற்றார். பின்னர் மூன்று வருடங்கள் தனியார் கல்வி நிலையத்தில் சொற்ப சம்பளத்துக்குக் கற்பித்தார். "இந்தச் சம்பளத்துக்கு ஏன் மாரடிக்கிறாய்?" என்று ஊரார் கேட்டார்கள். அந்த மூன்று வருடத்துக்கான அனுபவக் கடிதமே பின்னர் அவருக்கு வேலையைப் பெற்றுக் கொடுத்தது.

அவர் தொலைபேசியில் கூறியவற்றை அவரது அனுமதியுடன் இங்கே தருகின்றேன்.

"முதல் மூண்டு மாதமும் ஒவ்வொரு பின்னேரமும் அழுகைதான். எந்தப் பக்கம் போனாலும் கடல். தீவைச் சுத்தி நடக்க அரை மணித்தியாலமும் தேவையில்லை. மீனும் ரின் சாமானும்தான். மரக்கறி கப்பல் வந்தால்தான். ஆனால் அக்கா, ஒருத்தரும் என்னை அதட்டிக் கதைக்கிறேல்லை. பிள்ளையள் 'மிஸ்' எண்டு ஓடி வருவினம். என்ரை அறைக்குத் திறப்பு என்ரை கையிலை. பாஸ்போட்டும் என்ரை கையிலை."

திறப்பும் கடவுச்சீட்டும் தன் கையில் இருப்பது எவ்வளவு பெரிய விடயம் என்பதைப் பணிப்பெண்ணாகச் சென்று வந்த சகோதரிகள் அறிவார்கள்.

செல்ல நினைப்பவர்கள் இன்னும் சிலவற்றை அறிந்திருக்க வேண்டும். அங்கே பாடசாலை வாரம் ஞாயிறு தொடக்கம் வியாழன் வரை. மாலைதீவு முழுமையான இஸ்லாமிய நாடு. வழிபாட்டுக்கான சிலைகளை அங்கே கொண்டு செல்ல அனுமதியில்லை. ஏனைய மதத்தவர் பகிரங்கமாக வழிபடவும் முடியாது. உடையிலும் பழக்கத்திலும் ஊர் வழமையை மதித்து நடக்க வேண்டும். கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ போகாமல் மனம் ஆறாத சகோதரிகள் இதைப் போகும் முன்னரே யோசிக்க வேண்டும்.

சம்பளத்தைப் பற்றிக் கேட்கும்போது தொகையை மாத்திரம் கேட்காதீர்கள். வீட்டு வாடகையை யார் கொடுப்பது? விமானச் சீட்டு யார் செலவு? பாடசாலை விடுமுறை மாதத்திலும் சம்பளம் உண்டா? சம்பளம் ருபியாவிலா டொலரிலா? உள்ளூர் நாணயத்தில் கிடைத்தால் அதை டொலராக மாற்றி வீட்டுக்கு அனுப்புவதில் கட்டுப்பாடுகளும் நட்டமும் ஏற்படலாம். இலங்கை வங்கிக்கு மாலே நகரில் கிளை இருக்கின்றது. பணம் அனுப்பும் வழியை ஏற்கெனவே அங்கிருக்கும் ஆசிரியர்களிடம் விசாரிப்பது நல்லது.

எங்கே கற்கலாம்?

"எனக்கு இனிப் படிக்கிற வயசே?" என்பது நான் அடுத்ததாகக் கேட்கும் வார்த்தை. கல்வியியற் கல்லூரிகள் உயர்தரம் முடித்த கையோடு விண்ணப்பிக்கும் இளம் பிள்ளைகளுக்கானவை. உங்கள் மகள்மாருக்கு அந்த வழியைச் சொல்லுங்கள். உயர்தரம் சித்தியடைந்த சகோதரிகளுக்கு உயர் தொழில்நுட்பவியல் நிறுவனங்களில் உயர் தேசிய ஆங்கில டிப்ளோமா இருக்கின்றது. முழுநேரக் கற்கைக்குக் கட்டணம் இல்லை. பகுதிநேரமாகவும் கற்கலாம். இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் வயது வந்தவர்களுக்காகவே உருவாக்கப்பட்டது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு உட்பட எமது பகுதிகளிலும் அதன் நிலையங்கள் உள்ளன. ஆங்கிலத்தில் அடிப்படைச் சான்றிதழிலிருந்து ஆரம்பித்து, ஆங்கில மொழி கற்பித்தலில் பட்டம் வரை அங்கே படிப்படியாகச் செல்ல முடியும்.

இணையத்தில் '120 மணித்தியால டெஃபல் சான்றிதழ்' என்று பல விளம்பரங்கள் வருகின்றன. இவற்றுள் பயனுள்ளவையும் உண்டு, வெறும் கடதாசியும் உண்டு. ஆசிரியரின் மேற்பார்வையில் உண்மையான மாணவர்களுக்குக் கற்பித்துப் பார்க்கும் பகுதி அதில் இருக்கின்றதா என்று பாருங்கள். கேம்பிரிட்ஜின் 'செல்டா' சான்றிதழுக்கு உலகெங்கும் மதிப்பிருப்பதற்கு ஒரு காரணம், அதில் 6 மணித்தியாலம் நேரடியாகக் கற்பித்துக் காட்ட வேண்டும் என்பதாகும். எனினும் அது செலவு கூடியது. பட்டமோ டிப்ளோமாவோ கைக்கு வந்த பின்னர் அதை யோசிக்கலாம்.

ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சைப் பெறுபேறு இரண்டு வருடங்களுக்கே செல்லுபடியாகும். ஆகவே விண்ணப்பிக்கும் காலம் நெருங்கும்போது அதற்குத் தோற்றுவதே புத்திசாலித்தனம்.

படிக்கும் காலத்தில் வருமானத்துக்கு என்ன செய்வது? அயலில் உள்ள ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேரைச் சேர்த்துத் திண்ணையில் ஆங்கிலம் சொல்லிக் கொடுங்கள். கிடைக்கும் பணம் சிறிதாக இருக்கலாம். ஆனால் வாயில் தயங்கி நிற்கும் ஆங்கிலம் அங்கேதான் சரளமாகும்.

பெயரில் ஒரு எழுத்து

எமது சகோதரிகள் அதிகம் தடுக்கி விழும் இடம் ஆங்கில இலக்கணம் அல்ல, சொந்தப் பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, பரீட்சைச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும், திருமணத்தின் பின் எடுத்த கடவுச்சீட்டில் கணவனின் பெயர். முகாமில் அவசர அவசரமாகப் பதியப்பட்ட அட்டைகளில் தந்தையின் பெயரே மாறியிருந்ததையும் கண்டிருக்கின்றேன். வெளிநாட்டு அலுவலருக்கு இவை நான்கு வேறு பெண்களாகவே தெரியும்.

ஆகவே முதல் வேலையாக எல்லா ஆவணங்களையும் மேசையில் பரப்பி, பெயரையும் பிறந்த திகதியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் பிரதேச செயலகத்தில் திருத்த வேண்டியதைத் திருத்துங்கள். திருத்த முடியாததற்குச் சத்தியக் கடதாசி முடியுங்கள். தொலைந்த பரீட்சைச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்திலிருந்து மீண்டும் பெறலாம். சான்றிதழ்களை வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்த வேண்டும். இதற்கு யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலும் பிராந்திய அலுவலகம் உண்டு. மூலப் பிரதியை எந்தத் தரகரின் கையிலும் கொடுக்காதீர்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவிமாருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பிள்ளையின் விடயமாக எங்கு சென்றாலும் தந்தை எங்கே என்று கேட்பார்கள். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் இடங்கொடாது. 2016ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ், இறந்துவிட்டார் என்று கூறாமலே 'காணக்கிடைக்காமைச் சான்றிதழ்' ஒன்றைப் பெற வழி இருக்கின்றது. அதைப் பெறுவதா இல்லையா என்பது ஒவ்வொரு சகோதரியும் தன் மனச்சாட்சிப்படி எடுக்க வேண்டிய முடிவு. அதற்காக யாரும் அவளை வற்புறுத்தக் கூடாது. ஆனால் அப்படியொரு வழி இருப்பதை அவள் அறிந்திருப்பது நல்லது.

தரகரிடம் கேட்க வேண்டியவை

2022இல் சுற்றுலா வீசாவில் ஓமானுக்குக் கொண்டு செல்லப்பட்ட இலங்கைப் பெண்கள் பட்ட துன்பம் நாடறிந்தது. கணினி வேலை என்று நம்பிச் சென்ற இளைஞர்கள் மியன்மாரின் மோசடி முகாம்களில் அடைபட்டதை 2023, 2024ஆம் ஆண்டுகளில் செய்திகளில் பார்த்தோம். மாலைதீவு விமான நிலையத்திலேயே 30 நாள் சுற்றுலா அனுமதி கொடுக்கின்றது. "போய் இறங்குங்கோ, பிறகு வேலைக்கு மாத்தலாம்" என்று சொல்வோர் இதைத்தான் பயன்படுத்துகின்றார்கள். முறையான வேலையாயின், வேலை தருபவர் நீங்கள் புறப்படும் முன்னரே உங்கள் பெயரில் வேலை அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும்.

எவராவது வேலை தருவதாகக் கூறினால் இவற்றைக் கேளுங்கள்:

1. பாடசாலையின் முழுப் பெயர் என்ன? எந்தத் தீவு அல்லது நகரம்? அதை நீங்களே இணையத்தில் தேடி, பாடசாலையுடன் நேரடியாகத் தொடர்புகொள்ளுங்கள்.

2. நேர்முகப் பரீட்சை எப்போது? உங்களைக் கற்பித்துக் காட்டச் சொல்லாமல், உங்கள் ஆங்கிலத்தை ஒரு தடவையும் கேட்காமல் எந்தப் பாடசாலையும் வேலை தராது.

3. ஒப்பந்தம் எங்கே? அதில் சம்பளம், கற்பிக்கும் நேரம், தங்குமிடம், விடுமுறை, முடித்துக்கொள்ளும் முறை ஆகியன எழுதப்பட்டுள்ளனவா?

4. உங்கள் முகவர் நிலையத்தின் அனுமதிப்பத்திர இலக்கம் என்ன? 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி முகவர் நிலையம் அனுமதிப்பத்திரம் பெற்றிருக்க வேண்டும். 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பணியகத்திடம் இதனைச் சரிபார்க்கலாம்.

5. வாங்கும் பணத்துக்குப் பற்றுச்சீட்டு உண்டா?

இந்தக் கேள்விகளுக்கு ஒருவர் கோபப்பட்டால் அந்தக் கோபமே உங்களுக்குப் பதில்.

புறப்படும் முன் பணியகத்தில் பதிவு செய்வதையும் தவறவிடாதீர்கள். சிறு பிள்ளைகள் உள்ள தாய்மார் தொடர்பான விதிகள் 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை கொண்டுவரப்பட்ட பின்னர் பல தடவை மாற்றப்பட்டுள்ளன. இன்றைய விதி என்ன என்பதைப் பிரதேச செயலகத்திலுள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கேட்டறியுங்கள்.

பிள்ளைகளின் கணக்கு

மேலே கூறிய மாலைதீவுச் சகோதரி புறப்படும் முன் ஒரு கொப்பியில் கணக்கு எழுதினார். எவ்வளவு அனுப்புவது என்பதுடன், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் கிளிநிக்குக்குக் கொண்டுபோவது, பாடசாலைப் பெற்றோர் கூட்டத்துக்கு யார் போவது, அம்மம்மாவுக்கு இயலாமல் போனால் அடுத்தது யார் என்பவற்றையும் எழுதினார். பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்தி வாசித்துக் காட்டினார். மூத்த மகளுக்கு அப்போது 12 வயது. "அம்மா எத்தினை நித்திரை கழிச்சு வருவா?" என்று சின்னவன் கேட்டதற்கு மட்டும் கொப்பியில் பதில் இல்லை. முதல் விடுமுறைக்கு அவர் வந்தபோது மகன் கிட்ட வர இரண்டு நாள் எடுத்தான். இதையும் கணக்கில் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். போவது சரி, போகாமல் இருப்பது பிழை என்று எவரும் சொல்லிவிட முடியாது.

ஏற்கெனவே ஏமாற்றப்பட்ட சகோதரிகள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். பணியகத்திலும் பொலிஸிலும் முறையிடுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கமான 1938க்கும் அழைக்கலாம். ஒருவர் முறையிட்டால் அதே தரகர் அடுத்த கிராமத்துக்குப் போவது தடுக்கப்படலாம்.

அந்த நாலரை இலட்சம் ரூபாவை இன்னொரு தடவை நினைத்துப் பாருங்கள். தரகரிடம் கொடுத்தால் வேலையும் இல்லை, வட்டியுடன் கடன் மட்டும் மிஞ்சும். அதில் ஒரு சிறு பகுதியைப் படிப்புக்குச் செலவழித்தால், கடைசியில் வெளிநாடு போகாமலே விட்டாலும் டிப்ளோமா உங்கள் கையில் இருக்கும். ஊரில் ஒரு கல்வி நிலையத்தில் கற்பிக்கலாம். உங்கள் பிள்ளையின் ஆங்கிலக் கொப்பியை நீங்களே திருத்தலாம்.

முற்பணத்தை இழந்த முன்பள்ளி ஆசிரியை இப்போது சனிக்கிழமைகளில் ஆங்கில வகுப்புக்குப் போகின்றார். சங்கிலி அவரது கழுத்திலேயே இருக்கின்றது.